நிழல் விழும் பாத்திக்கு எந்தச் செடி? – தோட்டம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் மாடி வீட்டின் வடக்குச் சுவரை ஒட்டி 15 அடி நீளமும் 3 அடி அகலமும் கொண்ட ஒரு பாத்தி இருக்கிறது. பெரும்பாலும் நிழல்தான். அங்கே வைத்த மல்லிகை தழைக்கிறதே தவிர மொட்டு வைப்பதில்லை. நிழலை விரும்பும் செடி என்று சொல்லி வாங்கிய அக்லோனிமாவோ கத்தரி வெயிலில் இலை வெளுத்துக் கருகிவிட்டது. இந்த இடத்தில் எதைத்தான் வைப்பது? – வாசகி, திருநகர், மதுரை.

பதில்: மல்லிகைக்கு வெயில் போதவில்லை, அக்லோனிமாவுக்கு வெயில் மிஞ்சிவிட்டது. இரண்டும் ஒரே பாத்தியில் நடந்திருப்பது உங்களுக்குப் புதிராகத் தோன்றலாம். ஆனால், மதுரையில் வடக்குச் சுவரோரம் ஆண்டு முழுவதும் ஒரே நிழலாக இருப்பதில்லை. நம் ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 10 பாகையில் இருப்பதால், சித்திரை பிறக்கும் நாட்களில் நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து, அதன் பிறகு ஆவணி நடுப்பகுதி வரை உச்சிக்குச் சற்று வடக்கேயே நிற்கிறது. அந்த மாதங்களில் உச்சி வெயில் உங்கள் பாத்தியில் நேராக இறங்கும். மாறாக, புரட்டாசியில் முதல் வாரம் கழிந்த பிறகு பங்குனி தொடங்கும் வரை, சுவர் வடக்கு நோக்கியே இருக்குமானால், அதன் அடியில் நேரடி வெயில் படவே படாது. மார்கழியில் பார்த்து முடிவு செய்த பாத்தி, வைகாசியில் வேறொரு பாத்தியாக மாறிவிடுகிறது.

மல்லிகை ஒரு நாளில் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் கேட்கும் செடி. கார்த்திகையில் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்த பிறகு அது தளிர்விட்டு வலுப்பெற வேண்டிய மாதங்களில்தான் உங்கள் பாத்தி நேர் வெயிலே இல்லாமல் கிடக்கிறது. உரம் எவ்வளவு இட்டாலும் இந்தக் குறையை ஈடு செய்ய முடியாது என்பதால், அதைத் தயங்காமல் மாடிக்கோ தெற்கு வாசலுக்கோ மாற்றிவிடுங்கள்.

இந்தப் பாத்திக்கு வேண்டியவை, அரை ஆண்டு நிழலையும் நான்கு மாத உச்சி வெயிலையும் தாங்கும் செடிகள். என் முதல் தேர்வு கனகாம்பரம். அரை நிழலிலும் அது பூக்கும். தலையில் சூடவும் ஆகும். டெல்லி கனகாம்பரம் விதை பிடிக்காத இரகம் என்பதால், வேர் பிடித்த குச்சியாகவே வாங்க வேண்டும். நூற்புழு அதன் வேரைத் தாக்கக் கூடியது. ஆகவே, நடும் குழியில் ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு கலப்பதைத் தவிர்க்காதீர்கள். அடுத்தது டிசம்பர் பூ. பெயருக்கு ஏற்ப மார்கழியில், பாத்தியில் வேறு நிறமே இல்லாத நாட்களில், ஊதாவும் வெள்ளையுமாகப் பூக்கும். சுவரின் இரு முனைகளிலும் காலை மாலை வெயில் சற்று அதிகம் விழும் என்பதால், அங்கே ஒரு நந்தியாவட்டையும் ஓர் ஆடாதோடையும் வைக்கலாம். நந்தியாவட்டை நிழலில் பூவைக் குறைத்துக்கொள்ளும். ஆயினும் இலைப் பசுமை குறையாது. இட்லிப் பூவையும் நிழலுக்கு ஏற்றது என்று நர்சரியில் சொல்வார்கள். உங்கள் பகுதியில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருந்தால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அத்தகைய நீர் பாய்ந்து காரத்தன்மை மிகுந்த மண்ணில் இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் அதன் இளம் இலைகள் மஞ்சளித்துவிடும்.

அக்லோனிமா, சிங்கோனியம், பெரணி போன்றவற்றின் மீது உங்களுக்கு ஆசை இருந்தால் அவற்றையும் வளர்க்கலாம், ஆனால் சித்திரை முதல் ஆவணி வரை 50 விழுக்காடு நிழல் தரும் பச்சை வலையை மேலே கட்ட வேண்டும். வலை கட்டத் தயாரென்றால், வெற்றிலைக்கொடியையே வைத்துப் பாருங்கள் என்பேன். சோழவந்தான் கொடிக்கால்களில் அகத்தியை வளர்த்து, அதன் சல்லடை நிழலில்தான் வெற்றிலையைப் படரவிடுகிறார்கள். நேர் வெயிலும் வேண்டாம், முழு இருட்டும் வேண்டாம், ஈரம் இருக்க வேண்டும், நீர் மட்டும் தேங்கக் கூடாது என்ற அதன் தேவைகளைப் புரிந்துகொண்டவருக்கு மற்ற நிழற்செடிகள் எளிதில் பிடிபடும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த வெற்றிலை நம் மாவட்டத்துக்கே உரியது. வீட்டுக்கு ஒரு கொடியாவது இருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

நடுவதற்குப் புரட்டாசிக் கடைசி நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேர் இறங்கிவிட்டால் கோடையைச் செடி தாங்கும். சுவருக்கு வெள்ளையடித்து வையுங்கள். எதிரொளியால் நிழல் மாதங்களில் பாத்தியின் வெளிச்சம் கூடும்.

கேள்வி: வீட்டின் முன் பெரிய வேப்பமரம் நிற்கிறது. மண் கரிசல். மரத்தடியில் எதை நட்டாலும் சில வாரங்களில் வாடிவிடுகிறது. நிழல்தானே, நீர் குறைவாகப் போதும் என்று நினைத்து வாரம் ஒருமுறை ஊற்றுகிறோம். – வாசகர், தே. கல்லுப்பட்டி.

பதில்: சுவரின் நிழலும் மரத்தின் நிழலும் ஒன்றல்ல. சுவர் வெளிச்சத்தை மட்டும் மறைக்கிறது; மரம் வெளிச்சத்தோடு நீரையும் எடுத்துக்கொள்கிறது. வேம்பின் உறிஞ்சுவேர்கள் மேல்மண்ணிலேயே பரவி, கிளைகளின் எல்லையையும் தாண்டிச் செல்வதால், நீங்கள் ஊற்றும் நீரில் பெரும்பங்கு மரத்துக்கே போய்ச் சேர்கிறது. சிறு மழை பெய்தால் அதுவும் இலைகளிலேயே தங்கிவிடுகிறது. கரிசல் மண் காய்ந்து வெடித்தால் இளஞ்செடியின் வேர் அறுபடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அடிமரத்தைச் சுற்றி மண்ணைக் குவித்து மேட்டுப்பாத்தி போடும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். பட்டை ஈரத்தில் அழுகி மரத்துக்கே ஊறு வரும். ஒரு செடிக்காக வேம்பை இழப்பது எவ்வகையிலும் தகாது. மரத்திலிருந்து நான்கடி தள்ளி, பெரிய வேர்களை வெட்டாமல், இடையிடையே சிறு குழிகள் எடுத்து, செம்மண்ணும் மட்கிய எருவும் நிரப்பி, கையடக்கமான கன்றுகளை நடுங்கள். ஸ்நேக் பிளான்ட் வகையான மருள் இங்கே உறுதியாக நிற்கும். பிரண்டை, ஓரத்தில் ஆடாதோடை, நிழல் மிகுந்த பக்கத்தில் இலையின் அடிப்புறம் ஊதாவாக இருக்கும் ரியோ ஆகியவையும் தாங்கும். முதல் ஆண்டு முழுவதும், வாரம் ஒருமுறை அல்ல, விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டு ஈரம் இல்லாத போதெல்லாம் நீர் ஊற்ற வேண்டும். மாசி, பங்குனியில் வேம்பு உதிர்க்கும் இலைகளைக் கூட்டிக் கொளுத்தாமல் அங்கேயே மூடாக்காகப் பரப்புங்கள். ஏனென்றால், அந்த வாரங்களில் மரம் மொட்டையாகி, செடிகள் மீது திடீரென்று வெயில் விழும்.

வல்லாரை, சித்தரத்தை, சேம்பு போன்ற ஈரம் கேட்கும் செடிகளை மரத்தடியில் வைக்க வேண்டாம். அவற்றுக்குக் குளியலறை நீர் வெளியேறும் பக்கத்து நிழலே பொருத்தம். சோப்புநீர் மட்டும் நேராக விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீட்டில் தவழும் குழந்தை இருக்கிறது. நிழலான முற்றத்தில் அழகுச்செடிகள் வைக்கலாமா? – வாசகி, அண்ணா நகர், மதுரை.

பதில்: வைக்கலாம், ஆனால் தேர்ந்து வையுங்கள். நிழலுக்கென்று விற்கப்படும் அக்லோனிமா, டிஃபன்பாக்கியா, கலாடியம், சிங்கோனியம், மணிபிளான்ட் ஆகிய அனைத்தும் சேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றின் இலையிலும் தண்டிலும் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருப்பதால், குழந்தை கடித்துவிட்டால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். குழந்தை வளரும் வரை அவற்றைத் தரையில் வைக்காதீர்கள். இப்போதைக்கு ஸ்பைடர் பிளான்ட், வெற்றிலை, வெளிச்சம் சற்று மிகுந்த மூலையில் கற்பூரவல்லி ஆகியவை போதும். முன்பே வைத்திருக்கும் டிஃபன்பாக்கியாவை அகற்றும்போது கையுறை அணிந்து வெட்டுங்கள். சாறு பட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவும் வரை குழந்தையைத் தூக்காதீர்கள்.