ரோல்பிளேயில் எனக்குச் சகுனி பாத்திரம். வஞ்சகச் சிரிப்பைத் தாண்டி அவனை எப்படி எழுதுவது?

கேள்வியில் நீங்கள் சொன்னது: நண்பர்கள் சேர்ந்து மகாபாரதத்தை ரோல்பிளேயாக எழுதுகிறீர்கள், ஆளுக்கொரு பாத்திரம், மாறி மாறிப் பதிவு. உங்களுக்குச் சகுனி விழுந்திருக்கிறது. எழுதினால் தாடியைத் தடவுவதும் சிரிப்பதுமாகவே வருகிறது. நானும் இப்படி ஒரு குழுவில் சகுனியாக எழுதிக்கொண்டிருப்பவன்தான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் எந்தச் சகுனி என்று முடிவு செய்யுங்கள். நம்மிடையே புழங்குவது ஒருவன் இல்லை, இருவர்.

ஒருவன் செவிவழிக் கதைச் சகுனி. ஜாதக தோஷம் கழிய காந்தாரியை முதலில் ஓர் ஆட்டுக்கிடாவுக்குக் கட்டிவைத்தார்கள், அந்த ரகசியம் பின்னால் வெளியே வந்தது, அவள் அப்பா சுபலனையும் பிள்ளைகளையும் அஸ்தினாபுரத்தில் சிறையில் போட்டார்கள், ஆளுக்கு ஒரு பருக்கைதான் சோறு, எல்லோரும் பட்டினி கிடந்து சகுனியை மட்டும் பிழைக்கவைத்தார்கள், அப்பனின் எலும்பில் செய்ததுதான் அந்தப் பகடை. இவனுக்குத் துரியோதனன் மேல் பாசம் கிடையாது. கௌரவர் குலத்தைக் கருவறுக்கவே கூட இருக்கிறான்.

வியாச பாரதத்தில் இந்தக் கதை இல்லை. அங்கே இருப்பவன் மருமகனுக்காக எதையும் செய்யும் தாய்மாமன். ராஜசூய யாகம் பார்த்துவிட்டு வந்து, பொறாமை தாங்காமல் செத்துப்போகிறேன் என்று துரியோதனன் புலம்பும்போது, ‘தருமனுக்குச் சூதாட ஆசை உண்டு, ஆடத் தெரியாது’ என்று வழி சொல்பவன்.

இரண்டையும் கலக்காதீர்கள். ஜெயித்த குஷியில் துரியோதனன் தொடை தட்டிச் சிரிக்கிறான் என்று வையுங்கள். முதல் சகுனி அதைப் பார்த்து இவனுக்கு இன்னும் எத்தனை நாள் என்று கணக்குப் போடுவான். இரண்டாமவன் கண்ணில் மருமகன் சிரித்துவிட்டான் என்ற நிம்மதிதான் இருக்கும். என் ஓட்டு இரண்டாமவனுக்கே. பழிவாங்கும் சகுனி சினிமாவுக்குப் பிரமாதம், ஆனால் மாதக்கணக்கில் ஓடும் ரோல்பிளேயில் எந்தக் காட்சிக்குப் போனாலும் அவனுக்குப் பதில் ஒன்றுதான், அப்பன் எலும்பு. எழுதுகிறவருக்கே சலித்துவிடும். மறைக்க ஒரு ரகசியம் இருக்கிறது என்பது மட்டும் அவன் பக்கம் ஒரு பலம்.

இனி சபா பர்வத்துச் சூதாட்டம். அங்கே சகுனி கத்துவதே இல்லை. சூது வஞ்சகம், அதில் க்ஷத்திரிய வீரம் எங்கே இருக்கிறது என்று தருமன் ஆரம்பத்திலேயே சொல்லிப் பார்க்கிறான். அதற்குச் சகுனி சொல்வதன் சாரம், ‘பயமாக இருந்தால் விலகிக்கொள்.’ அவ்வளவுதான். அழைத்தால் மறுப்பதில்லை என்று விரதம் வைத்திருப்பவனிடம் போய் இதைச் சொல்கிறான். கதவைத் திறந்தே வைத்திருக்கிறான், தருமன் அதன் வழியே போகமாட்டான் என்று தெரிந்துகொண்டு.

ஆட்டம் தொடங்கியபின் அநேகமாக ஒவ்வொரு பந்தயத்துக்கும் அவன் வாயில் ‘வென்றேன்’ என்ற ஒரே சொல். பேச வேண்டிய இடத்தில்தான் பேசுகிறான். நகுலனும் சகதேவனும் தோற்றபிறகு, ‘மாத்ரியின் பிள்ளைகளை ஜெயித்துவிட்டேன், பீமனும் அர்ஜுனனும் உனக்கு அவர்களைவிட மேல் போலிருக்கிறது’ என்கிறான். எங்களைப் பிரிக்கப் பார்க்கிறாய் என்று தருமனுக்குக் கோபம் வருகிறது. அடுத்த பந்தயத்துக்கே அர்ஜுனனை வைக்கிறான், அப்புறம் பீமனை. மாற்றாந்தாய்ப் பிள்ளைகளை முதலில் வைத்தாய் என்ற பழியைத் தாங்க முடியாதவன் தருமன் என்பது சகுனிக்குத் தெரிந்திருக்கிறது. தருமன் தன்னையே வைத்துத் தோற்றதும், ‘கையில் பொருள் மீதி இருக்கும்போது தன்னை வைத்துத் தோற்பது பாவம்’ என்று அறம் வேறு சொல்கிறான். அந்த மீதிப் பொருள் திரௌபதி என்று சொல்வதும் அவனேதான்.

ஆக, சகுனியின் குணத்தை அவனுக்குள் மட்டும் தேடாதீர்கள், எதிரே இருப்பவனைப் பற்றி அவனுக்கு என்னென்ன தெரியும் என்பதிலும் தேடுங்கள். உங்கள் குழுவில் தருமனாக எழுதுபவரின் பழைய பதிவுகளைப் படித்து, அவருடைய தருமன் எதற்குக் கூசுகிறான், எதை மறுக்க மாட்டான் என்று குறித்துக்கொள்ளுங்கள். ரோல்பிளேயில் வில்லனுக்கு வேறு ஆயுதம் கிடையாது, ஏனென்றால் எதிராளியின் பாத்திரம் உங்கள் கையில் இல்லை. ‘சகுனி பகடையை உருட்டினான். தருமன் நடுங்கித் தலைகுனிந்தான்’ என்று எழுதினால் இரண்டாவது வாக்கியம் அடுத்தவர் சொத்து. அதற்குப் பதில் இப்படி எழுதிப் பாருங்கள்:

சகுனி பகடையைத் தொடவில்லை. ‘நெடுந்தூரம் வந்திருக்கிறாய் மருமகனே, இன்று ஓய்வெடு. உன் தம்பிகளுக்கும் இதில் இஷ்டம் இல்லை போலிருக்கிறது. அவர்கள் சொல்கிறபடியே செய்யலாம்.’

தம்பிகள் சொல்கிறபடி என்றதும் அண்ணனாக எழுதுபவருக்குக் கை பரபரக்கும். உட்காருவதா எழுந்து போவதா என்பதை அவரே முடிவு செய்யட்டும். எங்கள் குழுவில் ஒருமுறை தருமன் எழுந்தே போய்விட்டான். மூலத்தில் அழைப்பே திருதராஷ்டிரன் பெயரில்தான் போகிறது, விதுரர்தான் கொண்டுபோகிறார். நானும் பெரியப்பாவின் கட்டளையை விதுரர் கையில் கொடுத்து அனுப்ப வேண்டியதாயிற்று. விதுரராக எழுதிய நண்பர் போகமாட்டேன் என்று அடம்பிடித்ததில் கதை இன்னும் சூடு பிடித்தது.

இன்னும் இரண்டு இடங்கள், அதிகம் பேர் கண்ணில் படாதவை. வன பர்வத்தில், கந்தர்வர்களிடம் சிக்கிய துரியோதனனைப் பாண்டவர்களே மீட்டுவிடுகிறார்கள். அவமானத்தில் அவன் பட்டினி கிடந்து உயிரை விட உட்காருகிறான். அப்போது சகுனி சொல்கிறான், பாண்டவர்களுக்கு ராஜ்யத்தைத் திருப்பிக் கொடுத்துவிடு, சந்தோஷமாக இரு என்று. சகுனிதான்! மருமகன் உயிர் என்று வந்துவிட்டால் சூதில் ஜெயித்தது அத்தனையும் அவனுக்குத் தூசு. அடுத்தது பதினெட்டாம் நாள் போர். மகன் உலூகனைக் கண்ணெதிரே சகதேவன் கொல்கிறான். விதுரர் சொன்னதை நினைத்துத் தொண்டை அடைக்க அழுதுவிட்டு, அதே சகதேவனோடு போரிடப் போகிறான். சாகிறான். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு சூதாட்டக் காட்சியை எழுதுங்கள், தாடி தடவல் தானாகக் குறையும்.

நடைமுறையில் ஒன்று. திரௌபதியைச் சபைக்கு இழுத்துவரும் காட்சிக்கு முன்னால், பாத்திரத்தை விட்டு வெளியே வந்து, அவளாக எழுதுபவரிடம் தனிச் செய்தியில் பேசிவிடுங்கள். எது வரை எழுதலாம், எந்த இடத்தில் காட்சியை வெட்டிவிட வேண்டும் என்பதை அவர் சொல்லட்டும். அவருக்கு வேண்டாம் என்றால் பணியாள் வந்து செய்தி சொல்வதாக எழுதிக் கடந்துவிடலாம், கதைக்கு ஒன்றும் குறையாது.