பக்கத்திலேயே பள்ளி இருக்க, பிள்ளையை வேனில் ஏற்றலாமா?

நீலகிரியில் கோத்தகிரி பக்கத்து ஹட்டி (படுகர் ஊர்) ஒன்றிலிருந்து ஒரு தகப்பனார் கேட்டிருக்கிறார்: "மகள் டவுனில் ஒரு கான்வென்டில் யு.கே.ஜி. படிக்கிறாள். ஜூனில் ஒன்றாம் வகுப்பு. ஊருக்குள்ளேயே ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி இருக்கிறது. மொத்தம் 11 பிள்ளைகள். அதில் ஹட்டிப் பிள்ளைகள் இரண்டே பேர், மற்றவர்கள் எஸ்டேட் லயனிலிருந்து, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலிருந்து வருகிறவர்கள். 'நாங்களெல்லாம் படித்த பள்ளி, நீங்களும் அனுப்பாவிட்டால் மூடிவிடுவார்கள், ஊரும் ரெண்டாகிவிடும்' என்கிறார் அப்பா. மனைவிக்கு டவுன் பள்ளியை விட மனமில்லை. ஒரு பிள்ளையை எங்கே சேர்க்கிறோம் என்பதில் ஊர் மாறிவிடுமா? நாங்கள் என்ன செய்யட்டும்?"

நான் குந்தா பக்கமும் கோத்தகிரி பக்கமுமாக ஒன்றியப் பள்ளிகளில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நீங்கள் சொல்லும் பள்ளியை நான் பார்த்ததில்லை. ஆனால் அதே மாதிரி பள்ளிகளில் வாழ்ந்திருக்கிறேன். என் பதில் இதுதான்: இந்த முடிவை நீங்களும் மனைவியும் மட்டும் உட்கார்ந்து எடுத்தால் எந்தப் பக்கம் போனாலும் நெஞ்சில் உறுத்தும். நான்கைந்து வீடுகள் சேர்ந்து எடுத்தால் பதிலே வேறாக வரும்.

முதலில் உங்கள் மனைவியின் கவலை. அது நியாயமானது. ஊர் நன்மைக்காக ஒரு பிள்ளையின் படிப்பைப் பணயம் வை என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் படிப்பு உண்மையிலேயே குறையுமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஆந்திராவில் 2008-இல் தொடங்கி கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் என்ற இரு பொருளியலாளர்கள் பெரிய ஆய்வு ஒன்று செய்தார்கள். அரசுப் பள்ளியில் படித்த கிராமத்துப் பிள்ளைகளில் சிலரைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்து, கட்டணம் கட்டித் தனியார் பள்ளிக்கு அனுப்பினார்கள். நான்கு வருடம் கழித்துப் பார்த்தால் தெலுங்கிலும் கணக்கிலும் இரு பக்கத்துப் பிள்ளைகளும் சமமாகவே இருந்தார்கள். தனியார் பள்ளிக்குப் போனவர்கள் இந்தியில் மட்டும் தெளிவாக முந்தியிருந்தார்கள். தனியார் பள்ளிகள் அந்த நிலையைக் குறைந்த செலவில் எட்டியிருந்தன என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அரசுப் பள்ளியிலேயே எஞ்சியிருந்தவர்களின் மதிப்பெண்ணும் குறையவில்லை. அவை கிராமத்துச் சிறு தனியார் பள்ளிகள். நம் மலையின் பெரிய கான்வென்டுகளோடு அப்படியே ஒப்பிட முடியாது. ஆனாலும் "தனியார் என்றாலே படிப்பு" என்று கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டியதில்லை என்ற அளவுக்கு அது போதும்.

இன்னொன்று, பலரும் குழப்பிக்கொள்வது. மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்குள்ள 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரைதான் அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கும் கணக்கு ஆறாம் வகுப்பிலிருந்துதான். ஆகவே ஒன்று முதல் ஐந்து வரை எங்கே என்பதும், ஆறுக்கு மேல் எங்கே என்பதும் இரண்டு தனி முடிவுகள். இப்போது எடுக்கப்போவது ஐந்து வருடத்துக்கான முடிவு மட்டும்தான். இதைச் சொன்னதும் பல அம்மாக்களுக்கு மூச்சு சீராவதை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, ஊருக்கு வருவோம். உங்கள் அப்பா பள்ளி மூடிவிடும் என்று பயப்படுகிறார். அந்தப் பயம் பொய்யில்லை. ஒரு பிள்ளைகூட இல்லாமல் போன அரசுப் பள்ளிகளை 2019-இல் நூலகமாக மாற்றப்போவதாக அரசே அறிவித்தது. ஆனால் பள்ளி மூடுவதற்கு வெகு காலம் முன்பே ஊர் பிரிய ஆரம்பித்துவிடுகிறது. முதலில் பிரிவது நேரம். டவுன் வேன் காலை ஏழரைக்கு வரும். சாயங்காலம் பிள்ளை இறங்கும்போது பனி இறங்கியிருக்கும். காட்டெருமையும் கரடியும் தேயிலைக்குள் நடமாடும் நேரம் அது. எந்தத் தாயும் அதன் பிறகு விளையாட விட மாட்டாள். ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளோ நான்கு மணிக்கே வீட்டில் இருப்பார்கள். ஒரே ஊரில் இருந்தும் இரண்டு கூட்டத்துக்கும் பொதுவான ஒரு மணி நேரம் கிடையாது. பரீட்சை வேறு, லீவு வேறு.

அடுத்துப் பிரிவது தாய்மார்கள். முன்பு பள்ளி வாசலில் பிள்ளையை விட்டுவிட்டு, ஹட்டிப் பெண்ணும் லயன் வீட்டுப் பெண்ணும் ஐந்து நிமிடம் பேசிக்கொண்டு நிற்பார்கள். யாருக்குக் காய்ச்சல், எந்த ஃபேக்டரி இலைக்கு என்ன விலை, எந்த வழியில் கரடி வந்தது என்று எல்லாம் அங்கேதான் கைமாறும். இப்போது வேன் நிறுத்தத்தில் ஹட்டித் தாய்மார்கள் மட்டும் நிற்கிறார்கள். பள்ளி வாசலில் லயன் தாய்மார்கள் மட்டும். யாரும் யாரையும் வெறுக்கவில்லை. ஆனால் பெயர் தெரியாமல் போகிறது.

உங்கள் கடிதத்தில் என் மனதைக் குத்தியது 11 என்ற எண் அல்ல, "மற்றவர்கள் லயனிலிருந்து வருகிறவர்கள்" என்ற வரி. நம் மலையில் இன்று லயன்களில் இருப்பவர்கள் யார்? 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்தவர்களின் பேரப் பிள்ளைகள், ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் இலை பறிக்க வந்தவர்களின் பிள்ளைகள். நம் தோட்டத்து இலையையும் அவர்கள்தான் பறிக்கிறார்கள். பள்ளி ஒன்றுதான் அந்தப் பிள்ளையும் நம் பிள்ளையும் ஒரே பெஞ்சில், கூலி கொடுக்கல் வாங்கல் இல்லாமல் உட்கார்ந்த இடம். அது போனால் மிஞ்சுவது முதலாளி, கூலி என்ற உறவு மட்டும்தான்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. ஒன்றியப் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டே என் மகனை டவுன் கான்வென்டுக்கு அனுப்பியவள் நான். ஒரு தீபாவளிக்கு என் வகுப்புப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் பலகாரம் வாங்க வீட்டுக்கு வந்தார்கள். எங்கள் வீட்டுக்கு இரண்டு வளைவு கீழே இருந்த லயன் பிள்ளைகள். பத்து வயது மகன் கதவோரம் நின்று, "அம்மா, யார் இவங்க?" என்று கேட்டான். அவர்களுக்கு அவன் பெயர் தெரிந்திருந்தது. அவனுக்கு ஒருவர் பெயரும் தெரியவில்லை. அவன் நன்றாகப் படித்தான், நல்ல வேலையில் இருக்கிறான், குறையில்லை. ஆனால் அந்தக் கேள்வி இன்னும் எனக்குள் இருக்கிறது.

பிள்ளைகள் சேர்ந்து படித்தால் இது மாறுமா என்றால், மாறும் என்பதற்கு ஆதாரம் உண்டு. டெல்லியில் 2007-இலிருந்து வசதியான தனியார் பள்ளிகள் பல, ஏழைப் பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்க வேண்டியதாயிற்று. கௌதம் ராவ் என்ற பொருளியலாளர் அந்தப் பள்ளிகளில் படித்த வசதியான பிள்ளைகளை ஆராய்ந்தார். ஏழைப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் இருந்தவர்கள் அதிகம் பகிர்ந்துகொண்டார்கள். ஓட்டப் பந்தயத்துக்குக் கூட்டாளியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, ஏழை என்பதற்காக நன்றாக ஓடுகிறவனை ஒதுக்குவது அவர்களிடம் குறைந்திருந்தது. மொத்த மதிப்பெண்ணில் பாதிப்பு தெரியவில்லை. ஆங்கிலத்தில் மட்டும் சிறு சரிவு. அந்தச் சரிவை வீட்டில் படித்துக் காட்டியே ஈடு கட்டிவிடலாம் என்பது என் அனுபவம். மற்றதை வீட்டில் சொல்லிக் கொடுக்க முடியாது.

கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டிய 25 சதவீத இடமும் நம் மலையில் பெரிதாக உதவுவதில்லை. ஊட்டி, குன்னூர், கோத்தகிரியில் பெயர் பெற்ற பள்ளிகள் பல சிறுபான்மை நிறுவனங்கள். அந்தச் சட்டம் அவற்றுக்குப் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே லயன் பிள்ளையும் ஹட்டிப் பிள்ளையும் டவுனில் சந்தித்துக்கொள்ளும் வாய்ப்பு குறைவு. சந்திக்கும் இடம் ஊர்ப் பள்ளிதான்.

அப்படியென்றால் நாளைக்கே டி.சி. வாங்கிவிடுங்கள் என்கிறேனா? இல்லை. முதலில் அந்தப் பள்ளிக்கு ஒரு வேலை நாளில், சொல்லாமல் போய்ப் பாருங்கள். காலைச் சிற்றுண்டி நேரத்துக்கே போவது நல்லது. 2023 ஆகஸ்டிலிருந்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் அது உண்டு. பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிடும் விதத்திலேயே பள்ளி எப்படி நடக்கிறது என்று பாதி புரிந்துவிடும். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றிடம் பாடப் புத்தகத்தில் இல்லாத ஒரு கதையைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா பாருங்கள். அப்புறம் மிக முக்கியமாக, எத்தனை ஆசிரியர்கள் பெயர் இருக்கிறது, எத்தனை பேர் தினமும் வருகிறார்கள் என்று கேளுங்கள். சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். 11 பிள்ளைகளுக்கு இரண்டு பேர் என்றால் டவுனில் எந்தப் பள்ளியும் கொடுக்க முடியாத கவனிப்பு அது. ஆனால் அதில் ஒருவரை மாற்றுப்பணி என்று வேறு பள்ளிக்கு அனுப்பிவிட்டால், மிஞ்சியவர் ஐந்து வகுப்பையும் ஒற்றை ஆளாகச் சமாளிப்பார். அவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போகும் நாளில் பாடமே இருக்காது. நான் அப்படி இரண்டு வருடம் தனியாக இருந்திருக்கிறேன். என்னால் முடிந்ததைச் செய்தேன், போதவில்லை. அந்த நிலை என்றால், தனியாக உங்கள் மகளை மட்டும் அங்கே அனுப்புங்கள் என்று சொல்ல மாட்டேன்.

ஒரே வகுப்பில் அவளுக்குத் தோழியே இல்லாமல் போகலாம் என்பதையும் யோசியுங்கள். அரசுப் பள்ளிகளில் நடக்கும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையைப் பார்த்துக் குழு பிரிப்பதால் பாடத்துக்கு அது பெரிய தடையில்லை. ஆனால் ஆறு வயதுப் பிள்ளைக்கு ஆறு வயதுத் துணை வேண்டும். மொழியைப் பற்றி மட்டும் கவலை வேண்டாம். வீட்டில் படுகு மொழி பேசுகிற பிள்ளைக்குத் தமிழே பள்ளிக்கு வந்துதான் பழக்கமாகும். தமிழ் பேசும் லயன் பிள்ளைகளோடு விளையாடுவதைவிட நல்ல டியூஷன் அதற்குக் கிடையாது.

இங்கேதான் நான்கைந்து வீடு என்ற பேச்சு வருகிறது. உங்கள் ஹட்டியில் இந்த வருடமும் அடுத்த வருடமும் ஒன்றாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் எத்தனை என்று எண்ணுங்கள். அவர்களில் நான்கு பேர் சேர்ந்து வந்தால், உங்கள் மகளுக்குத் தோழி கிடைக்கும், மாற்றுப்பணியில் ஆசிரியரை எடுப்பதும் கடினமாகும். பணியிடக் கணக்கை ஆகஸ்ட் 1-ஆம் தேதி எண்ணிக்கையை வைத்துத்தான் பார்ப்பார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி இடம் பெற்றோருக்கு, உறுப்பினர்களில் பாதி பெண்கள் என்பது சட்டம். கேள்வி கேட்கத் தெரிந்த பெற்றோர்கள்தான் முதலில் வேன் ஏற்றுகிறார்கள் என்பதால்தான் அந்தக் குழுவின் கூட்டங்கள் கையெழுத்தோடு முடிந்துபோகின்றன. உங்கள் மனைவி போன்ற ஒருவர் அதில் உட்கார்ந்து, "டீச்சர் ஏன் செவ்வாய்க்கிழமை வரவில்லை?" என்று ஒரு தரம் கேட்டால் போதும், பதில் வரும். கிராம சபையிலும் அதையே தீர்மானமாகக் கேட்கலாம்.

மற்ற வீடுகள் வரவில்லை என்றால் மகள் டவுனிலேயே படிக்கட்டும். குற்ற உணர்ச்சி வேண்டாம், அப்பாவிடமும் அதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். ஆனால் பள்ளியைக் கைகழுவிவிடாதீர்கள். மேலாண்மைக் குழுவில் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் உண்டு. அங்கே படித்த உங்கள் அப்பாவின் ஆட்கள் யாராவது வரட்டும். சனிக்கிழமை பிற்பகல் பள்ளி மைதானத்தைத் திறந்து வைக்கத் தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள், ஊர்ப் பெரியவர் ஒருவர் உடன் இருந்தால் சம்மதிப்பார்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் வேன் பிள்ளைகளும் பள்ளிப் பிள்ளைகளும் ஒன்றாக விளையாடட்டும். எத்தை ஹப்பா திருவிழாச் சமயத்தில் லயன் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். "ஒழுங்காகப் படிக்காவிட்டால் அந்தப் பள்ளியில் போட்டுவிடுவேன்" என்று மகளை ஒருபோதும் மிரட்டாதீர்கள். நல்ல வீடுகளில்கூட இதைக் கேட்டிருக்கிறேன். அந்தப் பிள்ளைகளைப் பற்றி ஒரு குழந்தை கற்றுக்கொள்ளும் முதல் பாடம் அதுதான் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை.

கட்டடத்தையும் மறக்க வேண்டாம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதே, அந்த மாதிரி நாட்களில் நம் ஊர்களில் ஜனங்களைக் கொண்டுபோய்த் தங்க வைப்பது பள்ளிகளில்தான். ஓட்டுப் போடுவதும் அங்கேதான். பிள்ளைகள் வராத கட்டடத்துக்கு ஓடு மாற்ற யாரும் வர மாட்டார்கள்.

அரசுப் பள்ளிகளில் மார்ச்சிலேயே சேர்க்கை தொடங்கிவிடுகிறார்கள். அதற்கு முன்பு உங்கள் வீட்டிலேயே அந்த நான்கைந்து குடும்பங்களைக் கூப்பிட்டு ஒரு டீ கொடுத்துப் பேசுங்கள். அப்பாவும் இருக்கட்டும், மனைவி முதலில் பேசட்டும். லயன் தாய்மார்கள் இரண்டு பேரையாவது கூப்பிடுங்கள். இன்றைக்கு அந்தப் பள்ளி எப்படி நடக்கிறது என்று நேரில் தெரிந்தவர்கள் அவர்கள்தான். ஞாயிற்றுக்கிழமையாக வையுங்கள். மற்ற நாளில் இலைக்குப் போயிருப்பார்கள்.