மைலோ டின்னைத் திறந்து கொடுக்காதீர்கள்

வாசகர் கேள்விகளுக்குப் பினாங்கிலிருந்து ஒரு பேச்சுப் பயிற்சியாளர் பதில் தருகிறார்

கேள்வி: என் மகனுக்கு இரண்டு வயது எட்டு மாதம். ஆட்டிசம் என்று போன மாதம் உறுதிப்படுத்தினார்கள். வாரத்துக்கு 40 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்று படித்தேன். எங்களால் வாரம் ஒருமுறை 45 நிமிடத்துக்குத்தான் பணம் கட்ட முடிகிறது. அந்தப் பயிற்சி நிலையத்திலோ, வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசச் சொல்கிறார்கள். பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் என் மாமியாருக்குத் தமிழைத் தவிர வேறு மொழி தெரியாது. என்ன செய்வது?
— ஒரு தாய், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: மாமியார் தமிழிலேயே பேசட்டும். நீங்களும்தான்.

நான் இந்த வேலைக்கு வந்த புதிதில், பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரி ஏறிப் பிள்ளையைத் தூக்கிவந்த ஒரு குடும்பத்துக்கு ‘வீட்டில் ஆங்கிலம் மட்டும்’ என்ற அதே அறிவுரையை நானே சொன்னேன். மூன்று மாதம் கழித்து வந்தார்கள். பாட்டி பிள்ளையிடம் பேசுவதையே நிறுத்திவிட்டிருந்தார். தாலாட்டு போய்விட்டது, ‘சாய்ந்தாடம்மா சாய்ந்தாடு’ போய்விட்டது. தாயிடம் மிஞ்சியது ‘கம், சிட், ஈட்’ என்ற மூன்று கட்டளைகள்தான். பேச்சு வரவழைக்க வேண்டிய நான், அந்த வீட்டிலிருந்த பேச்சையும் பிடுங்கிவிட்டேன். இரண்டு மொழி கேட்டு வளரும் ஆட்டிசப் பிள்ளைகள், ஒரே மொழி கேட்கும் ஆட்டிசப் பிள்ளைகளைவிடப் பேச்சில் பின்தங்குவதில்லை என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நிலையத்தில் ஆங்கிலம் பேசிக்கொள்ளட்டும். வீடு வீடாகவே இருக்கட்டும்.

அடுத்தது அந்த 40 மணி நேரம். 1987இல் கலிபோர்னியாவில் ஐவார் லோவாஸ் என்ற உளவியலாளர் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்த எண் அது. 19 பிள்ளைகளுக்கு அப்படித் தீவிரமாகப் பயிற்சி தந்ததில் 9 பேர் சாதாரண முதல் வகுப்பை எட்டினார்கள் என்றார். ஆனால் யாருக்கு அந்தப் பயிற்சி என்பது குலுக்கல் முறையில் முடிவானதல்ல. அதனால் அந்தக் கணக்கின் மேல் இன்றுவரை கேள்விகள் உண்டு. எனக்கு அதைவிட நம்பிக்கை தருவது பிரிட்டனில் 152 குடும்பங்களை வைத்து நடந்து, 2010இல் வெளியான ஆய்வு. பெற்றோர் பிள்ளையோடு விளையாடுவதைப் படம்பிடித்து, அவர்களுக்கே போட்டுக்காட்டி, “இதோ, இந்த இடத்தில் பிள்ளை உங்களை அழைத்தான், பார்த்தீர்களா?” என்று கற்றுக்கொடுத்தார்கள். உடனடிப் பலன் சுமார்தான். ஏறக்குறைய ஆறு ஆண்டு கழித்துப் பார்த்தபோது, அந்தப் பிள்ளைகளின் அறிகுறிகள் மற்றவர்களுடையதைவிடக் குறைவாக இருந்தன. இதே முறையை நம்மைப் போன்ற குடும்பங்களுக்காக மாற்றி, கோவாவிலும் ராவல்பிண்டியிலும் சிறப்புப் பட்டம் இல்லாத ஊழியர்களைக் கொண்டே செய்து பார்த்தார்கள். பெற்றோர் பிள்ளையின் போக்குக்கு இசைந்து பழகக் கற்றார்கள். பிள்ளைகளும் தாங்களாகவே பெற்றோரை நாடத் தொடங்கினார்கள்.

ஆகவே அந்த 45 நிமிடத்தை மாற்றிக் கேளுங்கள். வெளியே நாற்காலியில் காத்திருக்காமல் உள்ளே உட்காருங்கள். வீட்டில் நீங்களும் மாமியாரும் பிள்ளையோடு இருக்கும் ஐந்து நிமிடத்தைக் கைப்பேசியில் எடுத்துக்கொண்டுபோய், “நான் எங்கே தவறவிடுகிறேன்?” என்று கேளுங்கள். உள்ளே விடமாட்டோம் என்றால் வேறு இடம் தேடலாம்.

வீட்டில் என்ன செய்வது? மைலோ பானத்தூள் டின்னிலிருந்து தொடங்குங்கள். மூடியை இறுக மூடி, அவன் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். உங்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவான். அது பிடிவாதமல்ல, அவனுடைய மொழி. டின்னைக் கையில் எடுத்துக்கொண்டு, அவன் முகத்துக்கு நேரே குனிந்து, சும்மா இருங்கள். மனதுக்குள் பத்துவரை எண்ணுங்கள். (இதுதான் கடினம். நம் வீடுகளில் யாரும் பத்து நொடி வாய்மூடி இருந்ததில்லை.) ஒரு பார்வை, ஒரு முனகல், டின்னில் ஒரு தட்டு, எது வந்தாலும் உடனே “திற!” என்று சொல்லித் திறந்துவிடுங்கள். “சொல்லு, சொன்னால்தான் தருவேன்” என்பது வேண்டாம். அழவைக்கும்வரை இழுத்தடித்தால் அது பயிற்சியல்ல, வம்பு. அவன் ஒரு சொல் சொல்லத் தொடங்கிய பிறகு நீங்கள் இரண்டு சொல்லுக்குப் போகலாம். “மைலோ திற.”

அடுக்குமாடி வீட்டில் இருந்தால் லிஃப்ட் இருக்கும். தினமும் “கதவு... மூடு!” என்று ஒரே ராகத்தில் சொல்லுங்கள். இரண்டு வாரம் கழித்து ஒருநாள் “கதவு...” என்று சொல்லி நிறுத்துங்கள். அவன் திரும்பி உங்கள் முகத்தைப் பார்த்தால் அன்றைக்கு அது போதும். கார் பொம்மைகளை வரிசையாக அடுக்குகிறானா? வரிசையைக் கலைக்காமல் நீங்களும் எதிரே உட்கார்ந்து ஒரு காரை நீட்டுங்கள். பாட்டி தோசை ஊற்றும்போது ‘சொய்ங்’ என்று சொல்வாரே, அதுவும் பாடம்தான். தயவுசெய்து அவரிடம் அட்டவணை எதையும் கொடுத்துவிடாதீர்கள். இத்தனை மாதமாக அவர் செய்துவருவதில் கொஞ்சம் காத்திருப்பதை மட்டும் சேர்த்தால் போதும்.

கேள்வி: பேத்திக்கு இருபது மாதம். பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை, எதையும் விரல்நீட்டிக் காட்டுவதில்லை. மூன்று வயதுவரை பொறுக்கலாம் என்கிறார்கள்.
— தாத்தா, புக்கிட் மெர்தாஜாம்

பதில்: பொறுக்க வேண்டாம், ஐயா. அரசுக் கிளினிக்கில் தரும் குழந்தை சுகாதாரப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். 18 மாதத்திலும் மூன்று வயதிலும் நிரப்ப வேண்டிய, ஆட்டிச அறிகுறி உண்டா என்று பார்க்கும் எம்-சாட் கேள்விப் பட்டியல் அதில் இருக்கிறது. நிரப்பாமல் விட்டிருந்தால் தாதியிடம் கேளுங்கள். அது சல்லடை மட்டுமே, தீர்ப்பல்ல. காது கேட்கிறதா என்ற சோதனையையும் கேட்டு வாங்குங்கள். நிபுணரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். அதுவரை மேலே சொன்ன மைலோ டின் உங்கள் வீட்டுக்கும் பொருந்தும். ஆட்டிசம் இல்லை என்று முடிந்தாலும் நஷ்டமில்லை.

கேள்வி: மாற்றுத்திறனாளி அட்டை எடுத்தால் பிள்ளைக்கு முத்திரை விழுந்துவிடுமா? ஆட்டிசத்தைக் குணப்படுத்தும் சொட்டு மருந்து என்று ஒருவர் விற்கிறார், வாங்கலாமா?
— தந்தை, பிறை

பதில்: அட்டை கட்டாயமல்ல, விருப்பம்தான். ஆனால் சமூகநல இலாகாவின் சமூக மறுவாழ்வு நிலையம், வரிச்சலுகை என்று பலவற்றுக்கு அது கை கொடுக்கும். ஆட்டிசம் உட்படக் கற்றல் குறைபாடுள்ள பிள்ளைகளின் மதிப்பீட்டுக்கும் ஆரம்பகாலப் பயிற்சிக்கும் ஆகும் செலவுக்கு வரி விலக்கு உண்டு; 2025 வரி ஆண்டில் அது 6,000 ரிங்கிட்வரை இருந்தது. ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

ஆட்டிசத்தைக் குணப்படுத்தும் மருந்து எதுவும் கிடையாது. அந்தச் சொட்டு மருந்துக்காரரிடமும் ஒரு ரசீது கேட்டுப் பாருங்கள், தருகிறாரா என்று பார்ப்போம்.