கூழாங்கல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ படத்தை ஓடிடியில் பார்த்தேன். நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியது, விமர்சகர்கள் கொண்டாடியது என்று நம்பி உட்கார்ந்தேன். ரொம்ப மெதுவாகப் போனது. பாதியில் செல்போனை எடுத்துவிட்டேன். வெளிநாட்டுக்காரர்களுக்காக நம் வறுமையைக் காட்டுகிறார்களோ என்றும் தோன்றியது. எனக்கு ரசனை போதவில்லையா, விமர்சகர்கள் பொய் சொல்கிறார்களா?

க.

அன்புள்ள க.,

செல்போனை எடுத்ததை மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அந்த நேர்மை பிடித்திருக்கிறது. சில நாட்களாக எனக்குள்ளும் இந்தப் படம்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

வறுமையைக் காட்டி விற்கிறார்கள் என்பது பழைய புகார். புகுந்த வீட்டிலிருந்து விரட்டப்பட்ட தன் சகோதரி குழந்தையோடு 13 கிலோமீட்டர் நடந்தே வந்தார், கதை அதிலிருந்து பிறந்தது என்று வினோத்ராஜே சொல்லியிருக்கிறார். தன் வீட்டில் நடந்ததைச் சொல்ல அவர் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? இதை இத்தோடு விடுகிறேன்.

‘மெதுவாக’ என்ற சொல்லைத்தான் விட முடியவில்லை. அந்தப் படத்தில் யாரய்யா மெதுவாக நடக்கிறார்கள்? அப்பன் கோபத்தில் வெந்துகொண்டு விறுவிறுவென்று போகிறான். பஸ்ஸுக்கு வைத்திருந்த காசைக் கிழித்துப் போட்ட பையன் பின்னால் ஓடுகிறான். கேமராவும் கூடவே ஓடுகிறது. 75 நிமிடத்தில் படமே முடிந்துவிடுகிறது. வெட்டித் தாவாமல் வெயிலை வெயிலாகக் காட்டினால் அதற்குப் பெயர் மெதுவா? நான் படித்த பாராட்டுரைகளிலும் பல இதே சொல்லைத்தான் மன்னிப்புக் கேட்பதுபோல எழுதின. 2021இல் விருது, அதே ஆண்டு ஆஸ்கருக்கு இந்தியாவின் பரிந்துரை. இங்கே ஓடிடிக்கு வந்ததோ 2023 அக்டோபரில். அதுவரை படத்தைப் பார்க்காமலே விருதைப் பற்றிப் பேசிப் பழகிவிட்டோம். படம் வந்த பிறகும் பேச்சு மாறவில்லை. உடைந்த கண்ணாடித் துண்டில் வெயிலைப் பிடித்து அப்பன் முதுகில் பாய்ச்சுகிறான் பையன். அடி வாங்கும் ஒரு குழந்தைக்கு வாய்த்த ஒரே ஆயுதம் அது. அப்போது செல்போனில் என்ன பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?

எனக்கு எட்டு வயது இருக்கும். வீட்டில் ஒரு சண்டை முடிந்து, உச்சி வெயிலில் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு ஆச்சி ஊருக்கு நடந்தாள். காலில் செருப்பில்லை. புளியமர நிழல் வந்தால் மட்டும் நின்று, ஒரு பாதத்தின் மேல் இன்னொன்றை வைத்துக்கொள்வாள். தண்ணீர் கேட்டேன். கீழே கிடந்த புளியங்கொட்டையை முந்தானையில் துடைத்து என் வாயில் போட்டு, “சப்பிக்கிட்டே வா” என்றாள். பல வருடம் கழித்து, அன்று எவ்வளவு தூரம் நடந்தோம் என்று கேட்டேன். “தூரத்த யாரு கண்டா? நீ நாலு தடவ தண்ணி கேட்ட” என்றாள்.

படத்தில் வீட்டுக்கு வந்ததும் அந்தப் பையன் தாகத்துக்கு வாயில் அடக்கியிருந்த கூழாங்கல்லை எடுத்து வைக்கிறான். அங்கே ஏற்கெனவே கூழாங்கற்கள் குவிந்து கிடக்கின்றன. அத்தனை முறை நடந்திருக்கிறான். நான் படத்தை நிறுத்திவிட்டு வாசலில் போய் நின்றேன். அந்தக் குவியலைப் பற்றி எழுதாமல் விருதுகளை வரிசையாக அடுக்குகிற விமர்சனம் எனக்கு வேண்டாம்.

ரசனை பற்றிக் கேட்டீர்கள். அதைப் பிறகு பேசலாம். செல்போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு இன்னொரு முறை பாருங்கள். கடைசியில் பெண்கள் ஊற்றுக் குழியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் அள்ளுவார்கள். அவர்கள் காத்திருக்கும் நேரமாவது எழுந்து போகாமல் இருங்கள்.