நாயைக் ‘கூட்டு உரிமை’யில் தருகிறோம் என்றால் என்ன அர்த்தம்?

மட்டக்களப்பில் சாதி நாய்க்குட்டி வாங்கப் போனால், “விலையைக் குறைத்துத் தருகிறோம், ஆனால் கூட்டு உரிமையில்” என்று வளர்ப்பாளர் சொல்லக்கூடும். ஒரே நாய்க்குப் பதிவுப் பத்திரத்தில் இரண்டு உரிமையாளர்கள் என்பதுதான் அது. நாய் உங்கள் வீட்டில் வளரும். குட்டி எடுப்பது, கண்காட்சிக்குக் கொண்டுபோவது போன்றவற்றில் வளர்ப்பாளரையும் கேட்கவேண்டும்.

ஏன் இப்படி? வம்சம் நிற்க நல்ல பெட்டைகள் வேண்டும். எல்லாவற்றையும் ஒரே வளவுக்குள் அடைத்து வளர்ப்பது நாய்களுக்குக் கொடுமை. அதனால் ஒன்றை நல்ல வீட்டில் விட்டு, பின்னால் அதன் ஈற்றில் குட்டி எடுத்துக்கொள்கிறார்கள். பசுவை வாரத்துக்கு விடுவது போலத்தான்: மேய்ப்பது ஒருவர், கன்றில் இருவருக்கும் பங்கு.

சிக்கல் வருவது செலவில். நாய் சினைப்பட்டு ஏறக்குறைய 63 நாளில் ஈனும். நடுச்சாமத்தில் குட்டி குறுக்கே சிக்கி, பெட்டை முக்கி முக்கிக் களைத்துக் கிடக்கும்போது சத்திரசிகிச்சைக் காசு யார் கட்டுவது என்று பேச நேரமிருக்காது. நாலு குட்டியில் இரண்டு செத்தால், மிஞ்சியதில் விருப்பமான குட்டியை முதலில் தெரிவு செய்வது யார்? எத்தனை ஈற்று, எந்த வயதில், கருத்தடை எப்போது, முழு உரிமை உங்களுக்கு எப்போது வரும், எல்லாவற்றையும் எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள். தெரிந்த ஆள்தானே என்று தயவுசெய்து வாய்ப்பேச்சில் விடாதீர்கள்.

அப்புறம், இதைத் தவணைக்கு வாங்குவதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலொழிய, பிறகு காசு கொடுத்தாலும் வளர்ப்பாளரின் பெயர் பத்திரத்திலிருந்து தானாக நீங்காது.