"இது புறாவா?" மீம் எங்கிருந்து வந்தது?

வண்ணத்துப்பூச்சியைக் காட்டி "இது புறாவா?" என்று ஒருவர் கேட்கும் படம்தானே, அது 1991இல் ஜப்பான் டிவியில் வந்த ஃபைபேர்ட் என்ற ரோபோ அனிமேயில், அதாவது கார்ட்டூன் தொடரில் இருந்து எடுத்தது. கேட்பவர் மனிதரே இல்லை. விண்வெளியிலிருந்து வந்து ஆண்ட்ராய்டு, அதாவது மனித உருவ ரோபோவின் உடம்புக்குள் புகுந்தவர், பூமியில் எல்லாமே அவருக்குப் புதுசு. கதையோடு பார்த்தால் அந்தக் கேள்வியில் தப்பே இல்லை. கதையைக் கழற்றிவிட்டு அந்த ஒரு ஃபிரேமை மட்டும், கீழே சப்டைட்டிலோடு, 2011இல் டம்ப்ளர் என்ற சமூக வலைத்தளத்தில் போட்டதும்தான் அபத்தமாகிவிட்டது. அப்புறம் 2018இல் ட்விட்டரில் ஆள், பூச்சி, கேள்வி மூன்றின்மேலும் அவரவர் சொந்த வார்த்தையை ஒட்ட ஆரம்பித்தார்கள், அனிமேயே பார்க்காதவருக்கும் உடனே புரிந்தது, இவ்வளவு பரவியதற்கு என்னைப் பொறுத்தவரை அதுதான் பெரிய காரணம். ஆள்மேல் 'நான்', பூச்சிமேல் 'அவள் அனுப்பிய ஒரு ஹாய்', கீழே 'இது காதலா?'