"எதைச் சொன்னாலும் பொலிட்டிக்கல் கரெக்ட்னஸ் (யாரையும் புண்படுத்தாமல் பேச வேண்டும் என்ற எதிர்பார்ப்பு) என்று பாய்கிறார்கள்" என்ற புலம்பல் நியாயமானதா?

பாதி நியாயம். பேசவிடாமல் தடுப்பதையும் பேசியதற்குப் பதில் சொல்வதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் பிரச்சினையே.

2012 நவம்பரில் சிவசேனா கட்சியின் நிறுவனர் பால் தாக்கரே மறைந்தபோது மும்பையே முடங்கியதைக் கேள்வி கேட்டு, மகாராஷ்டிராவின் பால்கரில் ஓர் இளம்பெண் ஃபேஸ்புக்கில் எழுதினார். லைக் போட்ட தோழியையும் சேர்த்தே போலீஸ் கைது செய்தது. வாயை அடைப்பது என்றால் அதுதான். அந்த மாதிரிக் கைதுகளுக்குக் கைகொடுத்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. "இந்த ஜோக் வலிக்கிறது" என்று ஒருவர் கமென்ட் போடுவதை இதோடு சேர்க்கவே கூடாது. அவருக்கும் அதே பேச்சுரிமைதானே?

அப்படியானால் கேலியே கூடாதா? தாராளமாகச் செய்யலாம். மாற்றுத்திறனாளிகளைத் திரைப்படங்களில் காட்டும் விதம் பற்றிய வழக்கில் 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு கிழித்தது: குறைபாட்டைப் புரியவைக்கும் நகைச்சுவை வேறு, அந்த மனிதரையே மட்டம்தட்டும் நகைச்சுவை வேறு. எனக்கு இது மிகச் சரியாகப் படுகிறது. சக்கர நாற்காலியில் வருபவருக்குச் சாய்தளம் கட்டாத அலுவலகத்தைக் கிண்டலடியுங்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன். அவர் காலைக் கிண்டலடித்தால் சும்மா இருக்க மாட்டேன்.

மீதிப் பாதியையும் சொல்லியாக வேண்டும். விவரம் தெரியாமல், இன்று புண்படுத்துவதாகக் கருதப்படும் ஒரு பழைய சொல்லைப் போட்டவரை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் பரப்பி, அவர் வேலை பார்க்கும் நிறுவனத்தை டேக் செய்து கூட்டமாகப் பாய்வது அநியாயம். இன்பாக்ஸில் இரண்டு வரி எழுதினால் பலர் தாங்களே திருத்திக்கொள்வார்கள்.